பதினேழாம் நம்பர் வீடு

ஜபல்பூர்,
9.6.1983

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நல்லகாமன் எழுதுவது. நானும் முத்துத்தாயும் பிள்ளைகளும் முந்தாநாள் குவார்ட்டர்ஸ் வந்து சேர்ந்தோம். ரயிலில் சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. இங்கே ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக் கொடுத்ததில் இப்போது தேவலை. அங்கே மச்சான் மற்றும் பிள்ளைகளின் சுகத்துக்கு எழுதவும்.

லீவில் இருந்தபோது உன்னிடம் முழுவதும் சொல்லவில்லை. சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்பாய் என்று பயம். உன் வீட்டிலிருந்து அவனியாபுரம் போகிற வழியில் இருபத்துநாலு வீடு கட்டி விற்கப் போகிறார்கள். அதில் பதினேழாம் நம்பர் வீட்டுக்கு முதல் தவணை ஆறாயிரம் கட்டிவிட்டேன். புரோக்கர் மொக்கைச்சாமி, என்னோடு பரவையில் படித்தவன், காளவாசல் டீக்கடையில் வைத்து எல்லாம் விளக்கினான். இப்போது வீடு கிடையாது, பிளான் மட்டும்தான். அதனால்தான் இந்த விலை. சுவர் எழும்பிவிட்டால் விலை ஒன்றரை மடங்கு ஆகிவிடும். மீதித் தவணைகளைக் கட்டுவதற்குள் நம் பேரில் உள்ள ஒதுக்கீட்டுக் கடிதத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு லாபத்தோடு ஒதுங்கிவிடலாம். நான் அங்கே குடியேறப் போவதில்லை. பட்டாளத்தில் இன்னும் மூன்று வருடம்தான். அதன்பின் பென்ஷனை நம்பி உட்கார முடியாது. இப்படி ஒன்றிரண்டு வாங்கி விற்றால் கையில் ஒரு முதல் சேரும்.

இரண்டாம் தவணை நாலாயிரம். டி.டி. எடுத்து உனக்கு அனுப்புவேன். வேலை நடப்பதைப் பார்த்துக் கம்பெனியில் கட்டி, என் பேரில் ரசீது வாங்கு. வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்.

உன் பிரியமுள்ள தம்பி,
நல்லகாமன்


வில்லாபுரம், மதுரை,
27.6.1983

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஜெயக்கொடி எழுதிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உன் மச்சானுக்கும் குறையொன்றுமில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. எனக்கு இந்த வருடமும் மூன்றாம் வகுப்புதான். சின்னவளுக்குக் காய்ச்சல் மறுபடி வரவில்லையே?

நேற்று ஞாயிற்றுக்கிழமை, உன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். அதில் மாடியும் பூந்தொட்டியும் வரைந்திருக்கிறது. போர்டுக்குப் பின்னால் கரட்டுக்காடு. இருபத்துநாலு கல் நட்டு, சுண்ணாம்பில் நம்பர் போட்டிருக்கிறது. உன்னுடையது கிழக்கு ஓரம், கண்மாய்க்கரையைப் பார்த்து. காவல்காரக் கிழவர் என்னிடம், "எம்புட்டுப் பேரு வந்து பாத்துட்டுப் போறாக. நாலு மாசமா எனக்குத் தெரிஞ்சு கல்லு மட்டுந்தான் நிக்குது" என்றார்.

இன்று பள்ளிக்கூடத்தில் அரைநாள் சொல்லிவிட்டுக் காளவாசலில் இருக்கிற கம்பெனி ஆபீசுக்கும் போனேன். இடம் கம்பெனி பேரில் கிரயம் ஆகியிருக்கிறதா, பத்திரத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். மேனேஜர் எனக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். "டீச்சரம்மா, பத்திரமெல்லாம் வக்கீல்ட்ட பத்திரமா இருக்கு. உங்க தம்பி வாங்குறது வீடு. நெலத்தப் பத்தி நீங்க எதுக்குக் கவலப்படுறீக?" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. நிலமில்லாமல் வீடு எங்கே நிற்கும்?

உன்னிடம் இடத்துப் பத்திரத்தைக் காட்டினார்களா? மொக்கைச்சாமிக்கு ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டா? இரண்டையும் தவறாமல் எழுது. அதுவரை மேற்கொண்டு பணம் போடாதே.

முத்துத்தாயிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி.
அக்கா,
ஜெயக்கொடி


ஜபல்பூர்,
15.7.1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஐந்தாம் தேதியே வந்தது. வேலை அதிகம், உடனே எழுத முடியவில்லை. இங்கே மழை பிடித்துவிட்டது. நாங்கள் சுகம்.

நீ சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். கடைக்காரன் நிறுத்துப் போட்டால் தராசுத் தட்டைத் திருப்பிப் பார்ப்பாய். வியாபாரத்தில் அந்தக் குணம் உதவாது. கம்பெனி என்றால் வக்கீல், மேனேஜர் என்று ஆள் இருக்கத்தான் செய்யும். வந்தவருக்கெல்லாம் பத்திரத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நாலாயிரத்துக்கு டி.டி. ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கையில் கிடைத்த அன்றைக்கே மாற்றிக் கட்டிவிட்டு ரசீதை எனக்கு அனுப்பு. ரசீது முக்கியம்.

இன்னொன்று. ஒதுக்கீட்டுக் கடிதத்தில் பேர் மாற்ற எத்தனை நாள் ஆகும், மாற்றிக்கொள்கிறவர் நேரில் வர வேண்டுமா என்று ஆபீசில் கேட்டு எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.
நல்லகாமன்


வில்லாபுரம்,
30.8.1983

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகமே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டு வேலை, பள்ளிக்கூட வேலை என்று நாள் ஓடிவிட்டது.

உன் டி.டி. வந்து, என் பாங்குக் கணக்கில் போட்டிருக்கிறேன். இன்னும் கட்டவில்லை. கோபப்படாமல் படி. மூன்று முறை போய்ப் பார்த்தேன். முதல் ஆறு கல்லில் மட்டும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, கருங்கல் கொஞ்சம் இறக்கியிருக்கிறார்கள். ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படுகிற ஆறு. உன் பதினேழில் மண்வெட்டி படவில்லை. ஆடி முடிந்தபின் கொத்தனார் யாரும் வருவதில்லையாம். காவல்காரரும் சம்பளம் வரவில்லை என்று நின்றுவிட்டார். வேலை நடந்தால் கட்டு என்று நீதானே எழுதியிருந்தாய்.

பேர் மாற்றம் பற்றிக் கேட்டேன். இரண்டு தவணை ரசீதும் இருந்தால்தான் மாற்றுவார்களாம். எதற்காக அதைக் கேட்டாய் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். பணம் பத்திரமாக இருக்கிறது.

அக்கா


ஜபல்பூர்,
14.9.1983

அக்காவுக்கு,

மொக்கைச்சாமி எனக்கு எழுதியிருக்கிறான். மச்சான் வேலை பார்க்கிற மில் ஆனி மாதமே மூடிவிட்டதாம். மூன்று மாதமாக மச்சான் சம்பளம் இல்லாமல் இருக்கிறாராம். நீ இரண்டு கடிதம் எழுதினாய். இரண்டிலும் மச்சானுக்குக் குறையில்லை என்றும் எல்லோரும் சுகம் என்றும் இருக்கிறது.

ஏன் மறைத்தாய்? என் பணம் நாலாயிரம் உன் கையில் இருக்கிற நேரத்தில் ஏன் மறைத்தாய்?

கொத்தனார் வரவில்லை, வானம் தோண்டவில்லை என்று நீ எழுதுவதெல்லாம் எனக்கு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. மொக்கைச்சாமி வேலை மும்முரமாக நடப்பதாக எழுதுகிறான். இரண்டு பேரில் யாரை நம்ப? வீட்டுச் செலவுக்கு எடுத்திருந்தால் எடுத்தேன் என்று சொல்லிவிடு. மச்சான் சொல்லிச் செய்திருந்தாலும் சொல்லிவிடு. உடன்பிறந்தவளிடம் கேட்கக்கூடாததைக் கேட்கும்படி வைத்துவிட்டாய்.

நாங்கள் சுகம்.
நல்லகாமன்


வில்லாபுரம்,
3.10.1983

தம்பிக்கு,

மில் மூடியது உண்மை. உன் மச்சான் கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை எடுத்துப் போடும் வேலைக்குப் போகிறார். இருபது வருடம் மிஷின் ஓட்டிய மனிதர், சொந்தக்காரர் கண்ணில் படக்கூடாது என்று விடியுமுன் கிளம்பிப் போகிறார். உனக்கு எழுத வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான். "மாப்ளைக்குத் தெரிஞ்சா பணம் அனுப்பும். வேணாம்" என்றார். உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை.

உன் நாலாயிரம் அப்படியே இருக்கிறது. பாஸ்புத்தகத்தை இத்துடன் ரிஜிஸ்தர் தபாலில் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பு.

அந்த இடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்க சப்ரிஜிஸ்திரார் ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறேன். இருபது வருடமாக அந்த நிலம் யார் பேரில் இருந்தது, யார் யாருக்குக் கைமாறியது என்று எல்லாம் அதில் வந்துவிடும்.

நான் மறைத்தது என் வீட்டுக் கஷ்டத்தை. நீ எதையாவது மறைக்கிறாயா? பேர் மாற்றம் பற்றி ஏன் கேட்டாய் என்பதற்கு நீ பதில் எழுதவில்லை.

ஜெயக்கொடி


ஜபல்பூர்,
20.10.1983

அன்புள்ள அக்காவுக்கு,

பாஸ்புத்தகம் பார்த்தேன், திருப்பி அனுப்பிவிட்டேன். ஆத்திரத்தில் எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. மச்சானை நினைத்து முத்துத்தாய் அழுதாள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. வில்லங்கமெல்லாம் பிறகு பார்க்கலாம். தீபாவளிக்குள் அந்த நாலாயிரத்தைக் கட்டி ரசீதை அனுப்பிவிடு. அது வராவிட்டால் இங்கே என் மானம் போய்விடும். காரணத்தை நேரில் சொல்கிறேன்.

தம்பி


வில்லாபுரம்,
22.11.1983

தம்பி நல்லகாமனுக்கு,

நாங்கள் உயிரோடு, ஆரோக்கியமாக இருக்கிறோம். பெரியவனுக்கு மட்டும் மழைச்சளி. உங்கள் சுகத்துக்கு எழுது.

தீபாவளி கழிந்து வில்லங்கச் சான்று கைக்கு வந்தது. நிலம் இன்றைக்கும் அவனியாபுரம் பேயாண்டி என்பவர் பேரில்தான் இருக்கிறது. கம்பெனி பேரே அதில் இல்லை. நானும் உன் மச்சானும் அவரைத் தேடிப் போனோம். அறுபது வயசு சம்சாரி. மறைக்காமல் சொன்னார். "அட்வான்ஸ் குடுத்து அக்ரிமெண்டு போட்டாக. ஆறு மாசத்துல மிச்சத்தக் குடுத்துக் கிரயம் பண்ணிக்கிறோம்னாக. ஆடியோட கெடு முடிஞ்சு போச்சு, ஒருத்தரும் வரல. நல்ல மழ பேயுது, வெறுங்காடாக் கெடக்கேன்னு அவுக தோண்டுன வானத்தையெல்லாம் மூடி ஒழுதுட்டேன். நம்பர் போட்ட கல்லு வரப்புலதான் கெடக்கு" என்றார். யார் யாரோ வந்து கேட்கிறார்களாம். ஒரே நம்பரைச் சொல்லி மூன்று பேர்கூட வந்தார்களாம்.

காளவாசல் ஆபீசில் பூட்டுத் தொங்குகிறது. போர்டையும் கழற்றிவிட்டார்கள். மொக்கைச்சாமி எங்கே என்று அவன் வீட்டில் யாருக்கும் தெரியாதாம். அவர்களுக்குத் தெரியாது என்பதை நான் நம்பவில்லை.

இது உனக்குப் பாதிச் செய்தி. மீதியை இனி எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பொண்ணு, இடுப்பில் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றது. ஹவில்தார் நல்லகாமனின் அக்கா வீடு இதுதானா என்று கேட்டது. பேர் இருளாயி. திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஊர். உன் யூனிட்டில் நாயக்காக இருக்கிற சோணைமுத்துவின் மனைவி. புருஷன் மதுரையில் வீடு வாங்கியிருப்பதாகத் தபால் போட்டானாம். பார்த்துவிட்டுப் போக ஆசையாக வந்திருக்கிறாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த காகிதத்தைக் காட்டினாள். உன் கையெழுத்து. பதினேழாம் நம்பர் வீட்டு உரிமையைப் பதினாலாயிரத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும், இரண்டு தவணையும் கட்டியாகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். தேதி 11.7.1983.

இரண்டாம் தவணைப் பணம் எனக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். என்னுடைய ஜூன் மாதக் கடிதம் உனக்கு வந்தது ஜூலை ஐந்தாம் தேதி. நீயே எழுதியிருக்கிறாய்.

அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் கூட்டிக்கொண்டு போனேன். வரப்பில் நின்றோம். அவள் வீட்டைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இங்க எதுக்கு டீச்சர் கூட்டியாந்தீக?"

"இதுதாம்மா பதினேழு."

"சோளம்ல மொளச்சிருக்கு" என்றாள். பிறகு மெதுவாக, "எங்கப்பாரு எனக்குக் குடுத்த அம்பது சென்ட்ட வித்துத்தான் குடுத்தோம். அதுலயும் சோளந்தான் போடுவோம்" என்றாள்.

அவள் அழவில்லை. பிள்ளைக்குப் பசிக்கிறது என்றாள். வீட்டுக்குக் கூட்டி வந்து சோறு போட்டு, சாயங்காலம் திருமங்கலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத பொண்ணு.

நீ இதற்கு என்ன சொல்லப் போகிறாய்?

ஜெயக்கொடி


ஜபல்பூர்,
12.12.1983

அக்காவுக்கு,

குளிர் கடுமை. முத்துத்தாயிக்கு மூட்டுவலி. மற்றபடி சுகம்.

நான் ஏமாற்றுக்காரன் இல்லை. வாங்கியதை லாபத்துக்கு விற்றேன். அது வியாபாரம். சோணைமுத்து சின்னப் பிள்ளை இல்லை, விருப்பப்பட்டுத்தான் வாங்கினான். நானும் ஏமாந்தவன்தான். உனக்கு எழுதவில்லை, அவன் கொடுத்ததில் ஆறாயிரத்தை மொக்கைச்சாமி பேச்சைக் கேட்டு இருபத்தொன்றாம் நம்பருக்கும் கட்டினேன். அதுவும் போயிற்று. இப்போது என்னிடம் மிச்சம் உள்ளது நாலாயிரம்.

உன்னிடம் இருக்கும் நாலாயிரத்தை மணியார்டரில் எனக்கு அனுப்பிவிடு. என்ன செய்வதென்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

சோணைமுத்துவுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான், பிள்ளைகளோடு விளையாடுகிறான், எப்போதும்போல் இருக்கிறான். அவன் மனைவிக்கு எழுதத் தெரியாது என்கிறாய். யாரையாவது வைத்து எழுதிவிடாமல் நீதான் நல்லபடியாகப் பேசி நிறுத்தி வைக்க வேண்டும். எனக்கு மார்ச் வரை அவகாசம் கொடு. பென்ஷன் வாங்கும் வயசில் என்னோடு வேலை பார்க்கிறவன் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்காதே.

நல்லகாமன்


வில்லாபுரம்,
28.12.1983

தம்பிக்கு,

முத்துத்தாயை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். மில் பொங்கலுக்குப் பிறகு திறக்கும் என்று பேச்சு. உன் மச்சான் நம்பவில்லை.

நாலாயிரத்தை உனக்கு அனுப்ப மாட்டேன். போன வாரம் திருமங்கலம் போய், தபால் ஆபீசில் இருளாயி பேரில் கணக்குத் திறந்து போட்டுவிட்டேன். ஜூலையில் நீ அனுப்பியது சோணைமுத்து கொடுத்த பணத்திலிருந்துதானே. அது அவர்களுடையது. உன்னைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்.

ஏமாந்தவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து போலீஸில் எழுதிக் கொடுத்தோம். உன் பேரில் நான் கையெழுத்துப் போட்டேன். ஆறாயிரத்துக்கு மட்டும்தான். இருபத்தொன்றாம் நம்பரை நீ வந்து எழுதிக் கொடுத்துக்கொள்.

நீ எதைத் தெரிந்து விற்றாய், எப்போது தெரிந்தது என்று நான் இருளாயியிடம் சொல்லவில்லை. உன் மச்சானிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நீ. மார்ச் வரை காத்திருக்காதே. சோணைமுத்துவை உட்கார வைத்து உன் வாயால் சொல்.

அதுவரை எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

ஜெயக்கொடி


ஜபல்பூர்,
6.2.1984

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. முத்துத்தாயிக்கு இப்போது நடக்க முடிகிறது. பிள்ளைகள் சுகம்.

போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி சோணைமுத்துவிடம் சொல்லிவிட்டேன். அதற்கு முன் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவன் இலையில் உட்கார்ந்ததும் வாய் வராது. அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் முத்துத்தாயைப் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நிலம் கம்பெனியுடையது இல்லை, வீடும் இல்லை, இரண்டாம் தவணை கட்டியதாக எழுதியது பொய் என்று சொன்னேன். இன்னொன்றையும் சொன்னேன். உன்னிடம்கூட அதை ஒத்துக்கொள்ளவில்லை. உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்தபோதே எனக்கும் சந்தேகம் தட்டிவிட்டது. சந்தேகம் வந்ததால்தான் அவசரமாக அவன் தலையில் கட்டினேன். போனால் அவனோடு போகட்டும் என்றுதான் நினைத்தேன். அதன்பிறகும் மொக்கைச்சாமி ஆசை காட்டியதும் இன்னொரு வீட்டுக்குப் பணம் கட்டினேன். என் புத்தியை நான் என்ன சொல்ல?

அவன் கோபப்படவில்லை. எழுந்து பாரக்குக்குப் போனான். என்னை அடிக்க ஆள் கூட்டிவரப் போகிறான் என்று நினைத்தேன். ஒரு இன்லண்டு கடிதத்தோடு திரும்பி வந்து என் கையில் கொடுத்தான். இருளாயி எழுதியதாக இருந்தது. கையெழுத்து உன்னுடையது.

தேதி நவம்பர் இருபது. அவள் வந்து போன அதே நாள். எனக்கு எழுதுவதற்கு இரண்டு நாள் முன்பே அவளுக்காக எழுதித் தபாலில் போட்டுவிட்டு, அதை என்னிடம் மூச்சு விடவில்லை நீ. நிலம் இல்லை, வீடு இல்லை, சோளம் நிற்கிறது என்று எல்லாம் இருந்தது. கடைசியில், 'ஹவில்தார் அண்ணன் இதை அவராகவே உங்களிடம் சொல்லுவார், அதுவரை நீங்களாகக் கேட்க வேண்டாம் என்று டீச்சர் சொல்கிறார்' என்று இருந்தது.

நான் அதைப் படித்து முடிக்கிறவரை நின்றுகொண்டிருந்தான். பிறகு சொன்னான். "நீங்களாச் சொல்லுவீகன்னு அக்கா எழுதச் சொல்லிருந்தாக. அதான் கேக்கல அண்ணே."

ஒன்பது ஞாயிற்றுக்கிழமை, அக்கா. எல்லாம் தெரிந்துகொண்டு என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். ஒவ்வொரு வாரமும் நான் சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்திருக்கிறான். நானோ அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

மிச்சமிருந்த நாலாயிரத்தை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். மீதி ஆறாயிரத்துக்கு மாதம் முந்நூறு, சம்பளம் வாங்கிய கையோடு. அவன் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. நானாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு முத்துத்தாயையும் போட வைத்து, அவன் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு வந்த ஞாயிறு, அதாவது நேற்று, அவன் சாப்பிட வரவில்லை. முத்துத்தாய் சாயங்காலம் வரை சோற்றை மூடி வைத்திருந்தாள்.

செப்டம்பரில் நான் உனக்கு எழுதிய கடிதம் உன்னிடம் இருந்தால் மச்சானிடம் காட்டிவிடு. நீ மறைக்க வேண்டாம். அவர் என்னை என்ன கேட்டாலும் கேட்கட்டும்.

சித்திரையில் இருபது நாள் லீவு கேட்டிருக்கிறேன். போலீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும், திருமங்கலம் போய் அந்தப் பொண்ணையும் பார்க்க வேண்டும். உன் வீட்டுக்கு வரலாமா என்று எழுது. வராதே என்றாலும் எழுது.

தம்பி,
நல்லகாமன்